போஸ்ற்மாஸ்டருக்குக் கொடுவா தெரியாது

டூட்டிங், லண்டன்
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

நீர்கொழும்பில் மகள் வீட்டில் இருக்கும் என் மச்சானுக்கு, கந்தவனம் சொல்லி எழுதுவிப்பது. நானும் மகன் கணேசலிங்கமும் மருமகள் வசந்தமலரும் பேத்தி சிவகௌரியும் எங்கள் ஊர்ச் சன்னிதி முருகன் காவலில் ஒருவாறு இருக்கிறோம். நீயும் உன்னுடைய முதுகுப்பிடிப்பும் அங்கே எப்படி என்று அறிய விருப்பம். என் முழங்கால் இரண்டையும் இந்த நாட்டுக் குளிருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அதற்கு மேலே இருக்கிறதுதான் இப்போது நடந்து திரிகிறது.

இது எந்த வருசம் நடந்தது என்று பிறகு ஒருவரும் குழம்பக்கூடாது. இந்தியன் ஆமி ஊரில் வந்து இறங்கினதே, அதே வருசம் ஐப்பசியில் லண்டனில் பேய்க்காற்று அடித்து டூட்டிங் வெளியில் நின்ற பெரிய மரங்கள் விடியும் முன் வேரோடு படுத்துவிட்டன. அடுத்த மாதம் நிலத்துக்குக் கீழே ஓடும் ரயிலின் ஸ்டேசன் ஒன்று பற்றியெரிந்தது. அந்த வருசம் போய், இது அதற்கு அடுத்த வெயில்காலம். வெயில் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். இதை எழுதுகிறவர் பாலேந்திரா. ஹரோவில் இருக்கிற கணக்காளர். எங்கள் சிவகௌரியைக் கட்டப்போகிற பெடியனின் தகப்பன். பெயரைக் கண்டு பயப்படாதே, எங்களுடைய சங்கதி முழுக்க அவருக்குத் தெரியும். எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லி, அதற்குப் பிறகு உன்னால் ஆகவேண்டிய ஒரு காரியத்தையும் சொல்லத்தான் இந்தக் கடிதம். சுருக்கமாய்ச் சொல்லுங்கோ என்கிறார் பாலேந்திரா. எனக்குச் சுருக்கத் தெரியாது. நடந்ததை நடந்த வரிசையில்தான் தெரியும்.

தைப்பூசத்தன்று ஆர்ச்வே முருகன் கோயிலில்தான் இரண்டு குடும்பமும் முதன்முதல் கண்டுகொண்டது. பெடியனும் எங்கள் பிள்ளையும் ஒன்றாக மருந்துப் படிப்புப் படித்தவர்கள். தாங்களே பார்த்து, தாங்களே பிடித்து, பெரியவர்களுக்கு ஓம் என்று சொல்கிற வேலையை மட்டும் மிச்சம் விட்டிருந்தார்கள். ஆனால் பெடியனின் தாய் கனகாம்பிகை ஓம் என்று சொல்லமுன் ஒன்பது கேள்வி கேட்கிற மனுசி. கோப்பாயில் பெரிய வீடு, கொழும்பில் தகப்பனுக்கு அரிசி மொத்த வியாபாரம், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நடக்கிற நடை. அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்தியபடி என்னை ஒருதரம் பார்த்து, "ஐயா ஊரிலை என்ன செய்தவர்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுன் என் மகன், நான் நாற்பது வருசம் கடலுக்குப் போய்ப் படிப்பித்த அதே மகன், "எங்கட ஊர் தொண்டைமானாறு, ஆனா அப்பா ஹற்றனிலை போஸ்ற்மாஸ்டர்" என்றான். கடலில்லாத ஊராகத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறான் பார். கடற்றொழில் செய்த குடும்பம் என்று தெரிந்தால் அந்த மனுசி சம்பந்தத்தை அந்தத் தட்டிலேயே வைத்துத் திருப்பித் தந்துவிடுவார் என்று அவனுக்குப் பயம். ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த சாமான்களில் ஒன்றும் பழுதாகாமல் வந்து சேர்ந்தது இந்தப் புத்தி ஒன்றுதான்.

காரில் திரும்பி வரும்போது சிவகௌரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பப்பா, ப்ளீஸ். மீனைப் பற்றி மட்டும் ஒண்டும் கதைக்காதேங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்." அந்தப் பிள்ளை பிறந்து இருபத்துமூன்று வருசத்தில் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்று. அன்றுமுதல் நான் மீனை மறந்த மனுசன். பழக்கம் வரவேண்டும் என்று வீட்டிலும் வாயை மூடினேன். வசந்தமலர் கண் குழிந்த பழைய பாரைமீனைப் புதுசு என்று வாங்கி வருவாள், நான் பத்திரிகையை விரித்துவைத்துப் படம் பார்ப்பேன். வெளியே போகும்போது கழுத்தில் டை கட்டி விடுவார்கள். மச்சான், விடியவிடிய வலை இழுத்த களைப்பு ஒரு நித்திரையில் போய்விடும். போஸ்ற்மாஸ்டராக இருக்கிற களைப்பு போகவே மாட்டேன் என்கிறது.

இப்படி இருக்கையில்தான் பாலேந்திராவுக்கு மீன்பிடிக்கிற ஆசை பிடித்தது. அவர் வேலைசெய்கிற கந்தோரில் பெரிய வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சனி ஞாயிறுகளில் கடற்கரைக்குப் போய்த் தூண்டில் போடுகிறவர்களாம். பிடித்ததைத் திங்கட்கிழமை முழுக்கக் கையை விரித்து விரித்துச் சொல்வார்களாம். இவர் மட்டும் நடுவில் நின்று தலையாட்டிக் களைத்துப்போனார். எங்கள் கொடுவாவுக்கு இந்த நாட்டில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான், பாஸ் என்று பெயர். அதே வாய், அதே முதுகு முள், ஆற்றுவாயில் நின்றுகொண்டு உள்ளே வருகிறதெல்லாம் தனக்குத்தான் என்று விழுங்குகிற அதே குணம். அவனைப் பிடிப்பதுதான் இவர்களுக்குப் பெரிய கௌரவம். ஊரில் எங்களைக் கிணற்றடிக்கும் விடாத தொழில், இங்கே கணக்காளருக்குக் கிரீடம். எழுதும், நிறுத்தவேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மனைவியோடு டூட்டிங்கில் மரக்கறி வாங்க வந்தவர், மனைவியைக் கடையில் விட்டுவிட்டு, "ஐயா, சும்மாதானே இருக்கிறியள், என்னோடை ஒரு இடத்துக்கு வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனார். போன இடம் தூண்டில் கடை. உள்ளே கால் வைத்து நிமிர்ந்து பார்க்கிறேன். சுவர் முழுக்க மீன்! பிளாஸ்ரிக்கில், தகட்டில், றப்பரில், இறகில். சூடையைப்போல ஒன்று, திரளிக் குஞ்சைப்போல ஒன்று, உலகத்தில் எந்தக் கடலிலும் இல்லாத மஞ்சளில் ஒன்று. உயிருள்ள இரை இல்லாமல், ஆடுகிற ஆட்டத்தாலும் மினுங்குகிற மினுக்கத்தாலும் மீனை ஏய்க்கிற சாமான்கள். லூர் என்று பெயர். நாங்கள் தூண்டிலில் வெள்ளைச் சீலைத் துண்டு கட்டி ஓடுகிற வள்ளத்துக்குப் பின்னால் இழுத்தோமே, அதற்கு இந்த நாட்டில் பெட்டியும் படமும் போட்டிருக்கிறார்கள்.

கடைக்காரன் காதில் பென்சில் செருகின வெள்ளைக்காரன். புதிதாய்த் தொடங்குகிறவருக்கு அத்தியாவசியமானது மட்டும் தரும்படி பாலேந்திரா கேட்க, அவன் அத்தியாவசியம் அத்தியாவசியம் என்று சொல்லிச் சொல்லி முப்பத்தேழு பொய்மீனை மேசையில் அடுக்கினான். அதில் பாதி, ஆழத்துக்குப் பாய்கிற சாதி. கல்லும் பாசியும் உள்ள கரையில் அதைப் போட்டால் முதல் எறியோடு கல்லுக்குத்தான் சாப்பாடு. மிச்சத்தில் சிலது என் முழங்கை நீளம். ஒவ்வொன்றிலும் மூன்று கொக்கி, ஒவ்வொரு கொக்கிக்கும் மூன்று முனை. அது மீனைப் பிடிக்கச் செய்ததா, பிடிக்கிறவனைப் பிடிக்கச் செய்ததா என்று எனக்குச் சந்தேகம். பாலேந்திரா குழந்தைப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்து எல்லாவற்றையும் பைக்குள் போடத் தொடங்கினார். நான் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்து இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"ஐயா, நீங்கள் படிச்ச மனுசன். இதிலை எது நல்லதெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

"எனக்கு மீன் தெரியாது, தம்பி" என்றேன். சொன்ன நாக்கு கசந்தது. அப்போதுதான், ராகுகாலத்தில் இந்த மனுசன் கையெழுத்தே போடமாட்டார் என்று வசந்தமலர் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. "உங்கட நட்சத்திரம் என்ன?"

"பூசம்."

"கடகராசி. சந்திரன் அதிபதி. அப்ப வெள்ளி நிறத்திலை ஒண்டு கட்டாயம்." கரண்டிபோல வளைந்த வெள்ளித் தகட்டைக் காட்டினேன். கனமானது, காற்றுக்கு எதிரேயும் தூரம் போகும், எறியத் தெரியாதவன் எறிந்தாலும் போகும். "பூசம் சனியின்ரை நட்சத்திரம். சனிக்குக் கறுப்பு. ஆனா ஆழம் கூடாது, பாதாளத்துக்குப் போறது எல்லாம் உங்களுக்கு விலக்கு. மேலாலை மிதந்து போறதாப் பாருங்கோ." முதுகு கறுத்து வயிறு வெளுத்து, இழுத்தால் ஒரு சாண் மட்டும் தாழுகிற ஒன்று அப்படிக் கிடைத்தது. சுக்கிரனுக்கு வெள்ளை என்று ஒரு றப்பர் விலாங்கு. சந்திரனும் சனியும் சேருகிற நேரத்துக்கு என்று, தண்ணீருக்கு மேலே தத்தித் தத்திச் சத்தம் போடுகிற வாய் பெரிய ஒன்று. அது நீர் அசையாத விடியலுக்கு.

"இந்தச் சிவப்பு வடிவாயிருக்கு, ஐயா."

"கடகத்திலை செவ்வாய் நீசம். தொட்டுப்போடாதேங்கோ."

"அப்ப இந்தப் பெரிசு?"

"நடுவிரலுக்கு மேலை நீளம் கூடாது."

"அதுக்கு என்ன கிரகம்?"

நான் கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். "குளிகன்" என்றேன்.

முப்பத்தேழு நாலாகச் சுருங்கியது. கடைக்காரன் அந்த நாலையும் பார்த்தான், என் டையைப் பார்த்தான், என்னவோ சொன்னான். பாலேந்திரா எனக்கு மொழிபெயர்த்தார். "இருவது வருசமா இந்தக் கடையிலை நிக்கிறானாம். புதுசா வாற ஒருத்தரும் இவ்வளவு சரியா எடுக்கேல்லையாம். ஆர் இவர் எண்டு கேக்கிறான். நான் சொன்னன், றிட்டயர்ட் போஸ்ற்மாஸ்டர் எண்டு."

தப்பினேன் என்று நினைத்தேன். அடுத்த கிழமை கனகாம்பிகை இரண்டு சாதகத்தையும் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "ஐயா கிரகபலன் நல்லாப் பாக்கிறாராம். பிள்ளையளின்ரை பொருத்தத்தையும் நீங்களே பாத்துச் சொல்லிவிடுங்கோ." மச்சான், என் பெயரை எழுதிக் காட்டினால் அது என் பெயரென்று எனக்குத் தெரியாது. கணேசலிங்கம் சுவரைப் பார்க்கிறான். சிவகௌரி தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றுவிட்டாள். நான் சாதகத்தைத் தொடாமலே கும்பிட்டேன். "சம்பந்தப்பட்ட வீட்டு ஆள் பொருத்தம் பாக்கக் கூடாது, பிள்ளை. வாயிலை சொந்த ஆசை வந்திடும்." கனகாம்பிகை எழுந்து நின்றுவிட்டார். இப்படி ஒரு நேர்மையான மனுசனை லண்டனில் காணவில்லை என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாராம். அன்று நான் இராச்சாப்பாடு சாப்பிடவில்லை.

அந்த நேர்மையின் பலனாக என்னையும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். "நீங்கள் வந்து நல்லநேரம் மட்டும் சொன்னாக் காணும்" என்றார் பாலேந்திரா. கென்ற் பக்கம், தேம்ஸ் ஆறு கடலோடு சேருகிற இடம். கோட்டு, டை, தலையில் குரங்குத்தொப்பி, சப்பாத்தோடு கல்லில் உட்கார்ந்தேன். தண்ணீர் தேத்தண்ணி நிறம். மூன்று வருசத்துக்குப் பிறகு அந்த மணம் மூக்கில் ஏறியது. டையை இறுக்கிக்கொண்டேன். சொல்ல ஏலாது. இவருடைய முதல் எறி என் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. வெள்ளித்தகடும் தொப்பியும் சேர்ந்து நல்ல தூரம் போயின. இரண்டாம் எறியில் தன் கோட்டுக் கையையே பிடித்தார். நீர் வற்றிக்கொண்டிருந்தது, அப்போது எறிந்து பயனில்லை. "இப்ப ராகுகாலம், வையுங்கோ" என்றேன். பெருக்குத் தொடங்குமட்டும் ராகுகாலம். பறவைகள் தூரத்தில் நின்றால் எமகண்டம். பஞ்சாங்கத்தில் இல்லாத ராகுகாலமெல்லாம் நான் அன்று உண்டாக்கினேன். எனக்கு அது பாவமா என்று தெரியவில்லை, குளிரில் யோசிக்க முடியவில்லை.

பெருக்கு ஏறி, கல்லுக்குப் பக்கத்தில் நீர் மடிந்து திரும்புகிற இடத்தில் குஞ்சுமீன்கள் ஒருமுறை துள்ளின. "இப்ப சுக்கிரன்" என்றேன். அவர் றப்பர் விலாங்கைப் போட்டார். சுற்றுவதை மெதுவாய்ச் சுற்றச் சொல்லிக் கிரகத்தின் பெயரால் மூன்றுதரம் சொன்னேன். நாலாம் தரம் சொல்லவில்லை. தடி வளைந்துவிட்டது.

"ஐயா, இழுக்குது! என்ன செய்யிறது? ஐயா!"

செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது, பின்னால் ஓடுவது. அவர் பின்னால் ஓடினார். பாசியில் சறுக்கிக் குந்தினார். தடி கையைவிட்டு நழுவித் தண்ணீரை நோக்கிப் போனது. மச்சான், சத்தியமாய் நான் எழும்பவில்லை. என் கால்கள் எழும்பின. முழங்கால் இரண்டும் வலியை எங்கே வைத்தன என்று தெரியாது. இடுப்பளவு தண்ணீர், கழுத்தில் டை, தடியைக் காலால் மிதித்து, தூண்டில் நரம்பைக் கைக்குக் கை மாற்றி, அவன் ஓடும்போது விட்டு, நிற்கும்போது எடுத்து, திரும்பின கணத்தில் கீழ்த்தாடைக்குள் பெருவிரலைக் கொடுத்து, செவுள் மூடி கை வெட்டாதபடி மணிக்கட்டைத் திருப்பிக் கரையில் ஏற்றி, கல்லில் ஒரு தட்டு. அத்தோடு நாங்கள் கொடுவாவுக்குச் சொல்கிற அந்தக் கெட்ட வார்த்தையும் வந்துவிட்டது. அதை எழுதவா என்று கேட்கிறார். வேண்டாம், உனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து திரும்பிப் பார்க்கிறேன். பாலேந்திரா பாசியில் குந்தினபடியே என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிவகௌரியின் முகம் எனக்கு முன்னால் வந்தது. அந்தக் கையை வெட்டி எறிந்திருக்கலாம்.

"ஐயா" என்றார் மெதுவாக. "போஸ்ற்மாஸ்டர் வேலையிலை இதும் பழக்கிறவையோ?"

"தபால் மூட்டை கனம், தம்பி" என்றேன்.

என்னையும் மீனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அந்த மனுசன் சிரிக்கத் தொடங்கினார். பாசியில் புரண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஈரக் கோட்டோடு கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டைமானாறு, வள்ளம், நாற்பது வருசம், எழுத்துத் தெரியாதது, ராகுகாலம், குளிகன். "கலியாணத்தைக் குழப்பாதேங்கோ. பிழை என்ரை கையிலை. பிள்ளையிலை இல்லை" என்றேன்.

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. என்ரை பெடியன் உங்கட பேத்தியை விட்டிட்டு இருக்கமாட்டான். எனக்கும் இனி நீங்கள் இல்லாமக் கடலுக்குப் போக ஏலாது. ஆனா மனிசி… அவ பெரிய வீட்டு ஆள். அவவுக்குத் தெரியக்கூடாது."

அன்றிலிருந்து பொய் சொல்கிறவர்கள் கணக்கில் ஒரு ஆள் கூடினாரே தவிர எனக்குப் பாரம் குறையவில்லை. மீனைக் கொண்டு ஹரோவுக்குப் போனோம். கனகாம்பிகை சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார். "உந்த நாத்தத்தை என்ரை குசினிக்குள்ளை கொண்டுவராதேங்கோ. சரி, வைச்சிட்டுப் போங்கோ, ஆரையும் பிடிச்சு வெட்டுவிக்கிறன்." பிறகு எனக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளவத்தையிலை என்ரை அண்ணை ஞானரட்ணம் இருக்கிறார். தொண்டைமானாற்று ஆக்கள் நீர்கொழும்பிலை இருக்கினமாம். ஒருக்காப் போய் விசாரிச்சு வரச்சொல்லி எழுதியிருக்கிறன். முறையெண்டு ஒண்டு இருக்குத்தானே, ஐயா." எடுத்த தேத்தண்ணியை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். நீர்கொழும்பில் தொண்டைமானாற்று ஆள் என்றால் அது நீதானே.

ஆகவே மச்சான், இதைக் கேள். ஞானரட்ணம் என்று ஒருவர் உன்னிடம் வருவார். கந்தவனம் ஹற்றனில் போஸ்ற்மாஸ்டராக இருந்தவர் என்று சொல். எத்தனை வருசம் என்று கேட்டால் முப்பது. வருகிற அன்று முற்றத்தில் கருவாடு காயப்போடாதே. உன் பேரப்பெடியள் வலை பின்னிக்கொண்டிருந்தால் அடுத்த வீட்டுக்கு அனுப்பு. முக்கியமாக உன் உள்ளங்கையைக் காட்டாதே, கயிறு கிழித்த கோடுகளை ஆரும் வாசிப்பான். தேத்தண்ணியை மகள் கையால் கொடுப்பி. பழைய கதை கேட்டால் சுகமில்லை என்று படு. இந்தக் கடிதம் எழுதுவோம் என்றது பாலேந்திராதான், கணக்காளர் மூளை. உன்னைப் பொய் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கம். ஆனால் அந்தப் பிள்ளை இப்போது மூன்று கிழமையாகத் தபால்காரன் காலடி கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை விட்டு எழும்புகிறாள். நாங்கள் செத்தபிறகு அவள் இருக்கப்போகிற வீடு அது.

உன் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. அவர்களுக்குக் கடல் எப்போதும் கரையில் நின்று பார்க்கிற அளவில் இருக்கட்டும். சன்னிதியான் உன்னைக் காக்க. என்னைக் காக்க அவன் இந்தக் குளிருக்குள் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்படிக்கு,
கந்தவனம்
(எழுதியவர்: க. பாலேந்திரா)

பிற்குறிப்பு: எழுத்து மாறியிருக்கும், பார்த்திருப்பாய். பாலேந்திரா ஹரோவுக்குப் போய்விட்டார். தானே நாளைக்குத் தபாலில் போடுகிறேன் என்றவரிடம், நான் போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இனி நான் சொல்ல எழுதுவது மருமகள் வசந்தமலர். மேலே சொன்ன ஒன்றையும் நீ செய்யவேண்டாம். இனிச் சொல்லப்போவதை அந்த மனுசனின் கையாலேயே எழுதச்சொல்லி எப்படிக் கேட்பது?

அந்த மீனைக் கொண்டுபோன அன்று, பாலேந்திரா டிவிக்கு முன்னால் இருந்தார். எனக்குக் குளிசை போடத் தண்ணீர் வேண்டும் என்று குசினிக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. கனகாம்பிகை தனிய நின்றார். மூக்கை மூடவில்லை. பெருவிரலை மீனின் செவுளுக்குள் கொடுத்துத் தூக்கி, கத்தியை வயிற்றில் கீழிருந்து மேலே ஒரே இழுவை. ஒரு சொட்டு இரத்தம் சேலையில் படவில்லை. பிறகு வாலின் நுனியை நறுக்கி யன்னலைத் திறந்து வெளியே எறிந்து, "போய் மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். மச்சான், உலகத்தில் அப்படி மீன் வாலோடு கதைத்த மனுசன் ஒருவன்தான். எங்களோடு ஒரே வள்ளத்தில் வந்த சின்னையா. வெள்ளைக்காரன் கொடி இறக்கின வருசம் தொழிலை விட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், அரிசிக் கடை போட்டு, சின்னையாபிள்ளை ஆனானே, அவன். அந்தக் கோப்பாய்ப் பெரிய வீடு பிறகு வழியில் எங்கோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"பிள்ளை, நீர் சின்னையான்ரை மகளோ?" என்று கேட்டுவிட்டேன். கத்தி கையிலிருந்து விழுந்தது. வசந்தமலரும் இப்போது பேனையை வைத்துவிட்டு "மாமா, உண்மையே?" என்கிறாள். எழுது பிள்ளை.

"ஐயா, அவருக்கு முப்பது வருசமாத் தெரியாது" என்றா. அந்த நேரான கழுத்து குனிந்துவிட்டது. "கோயிலிலை நீங்கள் தொண்டைமானாறு எண்டு உங்கட மகன் சொன்ன நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. அண்ணையை அனுப்பிறது உங்களை விசாரிக்க இல்லை. அப்பாவோடை வள்ளத்திலை போன ஆக்கள் ஆர் மிச்சம், எங்களை நினைவு வைச்சிருக்கினமோ எண்டு பாக்கத்தான். என்ரை பெடியன்ரை கலியாணம் என்னாலை குழம்பிப்போடும்."

நான் கத்தியை எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். "எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை" என்றேன். "நான் ஹற்றனிலை போஸ்ற்மாஸ்டர்."

அவ சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தா. கலியாணம் தை மாதம். இரண்டு குடும்பத்தையும் கூட்டிப் பார்த்தால் கடலோடு சம்பந்தமே இல்லாத ஒரே மனுசன் பாலேந்திரா, அவருக்குத்தான் மீன்பிடிக்க ஆசை. நேற்றும் இரண்டு லூர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், ஒன்று சிவப்பு.

ஆகவே ஞானரட்ணம் வந்தால் போஸ்ற்மாஸ்டர் கதை சொல்லி அவனை வருத்தாதே, உன்னைவிட அவனுக்குப் பயம் கூட. சின்னையாவின் காது அப்படியே அவனிலும் இருக்கும், கண்டதாய்க் காட்டிக்கொள்ளாதே. நல்ல திரளியாய் வாங்கிச் சமைத்துக் கொடு. கேட்கிறதைக் கேட்கட்டும், வயது போய்விட்டது, ஒருத்தரையும் நினைவில்லை என்று சொல். நினைவு வைத்திருக்க ஆர் இருக்கிறார்கள்? அந்த வள்ளத்தில் போன ஐந்து பேரில் வேலாயுதம் அறுபத்துநாலுப் புயலோடு போனான். செல்லத்துரை எண்பத்தைந்தில் வள்ளங்கள் எரிந்த அன்று போனான். சின்னையா கொழும்பில் கட்டிலில் கிடந்து சின்னையாபிள்ளையாகவே செத்தான். நானோ ஹற்றன் போஸ்ற்மாஸ்டர், அந்த வள்ளத்தில் ஒருநாளும் ஏறினதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இனி உயிரோடு மிச்சமிருக்கிறது நீ ஒரே ஒரு ஆள்தான், தில்லையம்பலம்.